கப்பலை விட்டு இறங்காதே, தம்பி!

பெரணமல்லூரில் கடல் கிடையாது.

ஆரணி, வந்தவாசி, சேத்துப்பட்டு - இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஏரி உண்டு. கிணறுகள் உண்டு. நல்ல மழை பெய்தால் சில தெருக்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீரும் உண்டு. மற்றபடி அலை பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி, மாறி, மகாபலிபுரத்துக்கோ மெரினாவுக்கோதான் போகவேண்டும்.

அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து, அதுவும் பட்டு நெய்கிற வீட்டிலிருந்து, ஒரு பையன் கப்பல் வேலைக்குக் கிளம்பினால் எப்படி இருக்கும்? தெருவே அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒரு பாட்டி மட்டும் கவலையாகக் கேட்டாள்: "ஏண்டா, கப்பல்ல ஜன்னலோரம் சீட்டு குடுப்பாங்களா?"

பையன் கேட்டரிங் படித்தவன். சொகுசுக் கப்பல் ஒன்றின் சமையற்கட்டில் எடுபிடி வேலை. "வெங்காயம் உரிக்கிறதுதாண்ணா. ஆனா டாலர்ல உரிக்கிறது" என்று சிரித்தான்.

வெங்காயம் உரிக்கப் போகிறவனாக இருந்தாலும் கப்பலேறும் முன் சில பயிற்சிகள் கட்டாயம். தீ அணைப்பது, முதலுதவி செய்வது, கப்பலில் எப்படி நடந்துகொள்வது என்று போகிற அந்த வரிசையில், கடலில் ஆபத்து என்றால் தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொள்வது எப்படி என்பதும் ஒன்று. 1978-ல் போட்டு, 1995-லும் 2010-லும் திருத்திய எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கை இதைச் சொல்கிறது. நம் நாட்டில் மத்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையங்களில்தான் இதைப் படிக்க முடியும்.

இங்கேதான் ஒரு புரோக்கர் நுழைந்தார். (நம் வாழ்க்கையில் எந்த நல்ல காரியத்தில்தான் புரோக்கர் நுழையவில்லை?) "இன்னாத்துக்குத் தம்பி வகுப்புக்குப் போயி தண்ணில நனையணும்? கொஞ்சம் மேல போட்டுக் குடு, பேப்பர் வீட்டுக்கு வந்துடும்" என்றார்.

பையன் எனக்குப் போன் பண்ணினான். நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்துகொண்டு ஆபீஸுக்குப் போய்வருகிறவன். எந்த சர்டிபிகேட்டையும் ஃபைலில் வைப்பதற்கான காகிதம் என்றே நினைத்துப் பழகியவன். "வாங்கிக்கடா, வேலை முடிஞ்சுது. சும்மா நாளை வீணடிக்காதே" என்று அட்வைஸ் பண்ணினேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னவன் நான்தான்.

அவன் நைனா ஒத்துக்கொள்ளவில்லை. குழித்தறியில் காலைத் தொங்கப் போட்டபடியே சொன்னாராம்: "பாவு பிணைக்கத் தெரியாதவன் தறியில உக்காந்தா பட்டுதான் வீணாப்போவும். கத்துக்காம கடலுக்குப் போனா எது வீணாப்போவும்னு அந்தப் புரோக்கரைக் கேட்டு வாடா."

ஆக, பையன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு என் ரூமுக்கு வந்து சேர்ந்தான். வகுப்பு முடிகிறவரை தினமும் ராத்திரி எனக்கும் வகுப்பு நடந்தது.

* * *

பையனுக்கு ஒரு கர்வம் இருந்தது. ஊரில் எந்தக் கிணறாக இருந்தாலும் மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்வான். அடியில் போய்க் கையில் மண் அள்ளிக்கொண்டுதான் மேலே வருவான். 'நீச்சல் வகுப்புல நாமதாண்டா ஃபர்ஸ்ட்' என்ற நினைப்போடு போனவன், முதல் நாள் ராத்திரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"தலைகீழாப் பாய்ஞ்சேண்ணா. சார் திட்டிட்டாரு."

சார் என்றால் பல வருஷம் கடலில் இருந்து ஓய்வு பெற்ற கேப்டன். நீச்சல் குளத்தின் மேடையில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். நம்மவன் பழக்கதோஷத்தில் கையைக் குவித்துக்கொண்டு தலைகுப்புறப் பாய்ந்துவிட்டான். வெளியே வந்ததும் கேப்டன் கேட்டாராம்: "கீழே உடைஞ்ச பலகை மிதந்தா உன் தலை என்ன ஆகும்? கீழே ஏற்கெனவே ஒருத்தன் மிதந்தா அவன் தலை என்ன ஆகும்?"

கப்பலிலிருந்து குதிக்கவே கூடாது; ஏணியோ கயிறோ இருந்தால் அதில்தான் இறங்கவேண்டும். வேறு வழியே இல்லை என்றால்தான் குதிப்பது. அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கீழே பார்த்து இடம் காலியா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தி, இன்னொரு கையால் லைஃப் ஜாக்கெட்டைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் விழுகிற வேகத்தில் ஜாக்கெட் மேலே ஏறித் தாடையிலேயே அடிக்கும். பார்வை நேராக இருக்கவேண்டும். குதிக்கும்போது குனிந்து கீழே பார்த்தால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும். காலைச் சேர்த்துப் பின்னிக்கொண்டு, ஒரு அடி எடுத்து வைக்கிற மாதிரி இறங்க வேண்டும்.

என் கட்டில் மேல் ஏறி நின்று செய்து காட்டினான். கட்டில் அந்த மேன்ஷனைவிடப் பழசு. கீழ் ரூம்காரர் மேலே வந்து, "சார், இடிக்கிறாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது. தண்ணீரில் விழுந்தபிறகு நீந்தக்கூடாதாம்!

"நீச்சல் தெரிஞ்சவன்தாண்ணா அதிகம் கஷ்டப்படுவான்னு சார் சொல்றாரு. பக்கத்துல படகு இருந்தா நீந்திப் போகலாம். கப்பல் முழுகுதுன்னா அதைவிட்டு விலகறதுக்கு நீந்தலாம். வேற எதுக்கும் கையக் கால ஆட்டக்கூடாதாம். சூடு போயிடுமாம்."

"சூடா? வங்காள விரிகுடாத் தண்ணி வெதுவெதுப்பாத்தானே இருக்கும்?" என்றேன், மெரினாவில் கால் நனைத்த அனுபவத்தில்.

இருக்கும்தான். ஆனால் நம் உடம்பு 37 டிகிரி. நம் கடல் 28-ஐ ஒட்டி இருக்கும். காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வடக்குக் கடலில் நிமிஷக் கணக்கில் நடப்பது நம் கடலில் மணிக்கணக்கில் நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 1912 ஏப்ரலில் டைட்டானிக் முழுகியபோது தண்ணீரில் விழுந்தவர்களில் ஏராளமானவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் இருந்தார்கள். அவர்களைக் கொன்றது குளிர்.

அதனால் என்ன செய்யவேண்டுமாம்? முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, கைகளை விலாவோடு ஒட்டி, குளிர்காலத்தில் போர்வை கிடைக்காத பேச்சலர் தூங்குகிறானே, அந்த போஸில் மிதக்க வேண்டும். பலர் இருந்தால் வட்டமாக ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, குழந்தைகளையும் அடிபட்டவர்களையும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் சமாசாரம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அது வெறும் மிதவை இல்லை. மயங்கி முகம் குப்புறக் கிடப்பவனைக்கூட மல்லாக்கத் திருப்பிப்போட்டு, வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்பது கப்பல்களுக்கான சர்வதேச விதி. கூடவே ஒரு விசிலும் விளக்கும் இருக்கும். கத்தினால் தொண்டைதான் வறளும். விசில் அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். இதை ஒரு நிமிஷத்துக்குள் பிறர் உதவி இல்லாமல் போட்டுக்கொள்ள வேண்டும். பையன் முதல் நாள் வாரை மாட்டத் தெரியாமல் திணறி, கடைசி ஆளாக வந்தானாம். ராத்திரி என் தலையணையை நெஞ்சில் கட்டிக்கொண்டு என் பெல்ட்டால் பிராக்டிஸ் பண்ணினான். தலையணையின் பஞ்சு வெளியே வந்ததுதான் மிச்சம்.

* * *

மூன்றாவது ராத்திரியிலிருந்து என் ரூமில் கூட்டம் சேர ஆரம்பித்தது. பக்கத்து ரூம் ஆடிட் ஆபீஸ் நண்பர், எதிர் ரூமில் பரீட்சைக்குப் படிப்பவர் (எந்தப் பரீட்சை என்று பல வருஷமாக யாருக்கும் தெரியாது), மெடிக்கல் ரெப் ஒருவர். எல்லோரும் ஆளுக்கொரு டீ டம்ளருடன் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அன்றைக்குப் பாடம், காற்றடைத்த தெப்பம். கப்பலின் மேல் தளத்தில் பெரிய வெள்ளை டிரம் போலக் கிடக்கும். கயிற்றின் ஒரு நுனியைக் கப்பலில் கட்டிவிட்டு டிரம்மைக் கடலில் உருட்டிவிட வேண்டும். கயிற்றைச் சுண்டி இழுத்தால் உள்ளே இருக்கிற காஸ் சிலிண்டர் திறந்து, தெப்பம் கூடாரத்தோடு விரிந்துவிடும். யாருக்கும் உருட்ட நேரமில்லாமல் கப்பலே முழுகிப்போனாலும், தண்ணீருக்குள் 4 மீட்டர் ஆழம் போவதற்குள் நீரின் அழுத்தத்தாலேயே கொக்கி கழன்று தெப்பம் தானாக மேலே வந்துவிடும்.

சில சமயம் அது தலைகீழாக விரிந்து தொலைக்கும். அப்போது ஒருத்தன் சிலிண்டர் இருக்கிற பக்கத்தில் ஏறி நின்று, அடியில் இருக்கிற பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாயவேண்டும். தெப்பம் அப்படியே புரண்டு அவன் மேலேயே விழும். பயப்படாமல் மல்லாக்க நீந்தி வெளியே வந்துவிட வேண்டும். "அடியில மாட்டுனப்ப ஒரு செகண்டு நைனா மொகம் தெரிஞ்சுதுண்ணா" என்றான் பையன். யாரும் சிரிக்கவில்லை.

தெப்பத்தில் ஏறியவுடன் என்ன செய்யவேண்டும் என்று கேட்டான். "சாமி கும்பிடணும்" என்றார் பரீட்சைக்காரர். "சாப்பாடு இருக்கான்னு பாக்கணும்" என்றார் ஆடிட்.

ரெண்டுமில்லை. முதலில் கயிற்றை அறுத்துக் கப்பலைவிட்டு விலக வேண்டும். தண்ணீரில் வேறு ஆள் இருக்கிறார்களா என்று தேடி இழுத்துப்போட வேண்டும். பிறகு, துணியில் தைத்த புனல் மாதிரி ஒன்று இருக்கும். அதைக் கயிற்றில் கட்டிக் கடலில் விடவேண்டும். அது இழுத்துப் பிடித்துக்கொண்டால் தெப்பம் காற்றில் கண்டபடி ஓடாது, சுலபத்தில் கவிழாது. கப்பல் முழுகிய இடத்தில்தானே தேடி வருவார்கள்? வாசலைச் சாத்தி, உள்ளே இருக்கிற தண்ணீரை இறைத்து, தரையைத் துடைக்க வேண்டும். அதற்கப்புறம், எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும், வாந்தி வராதிருக்க மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும்.

"எனக்கெல்லாம் பஸ்லயே வாந்தி வராது, எனக்கு எதுக்கு மாத்திரை?" என்று கேட்டார் மெடிக்கல் ரெப். அவரே இப்படிக் கேட்டதுதான் வேடிக்கை.

தெப்பம் கப்பல் மாதிரி ஆடாது. முறத்தில் போட்ட அரிசி மாதிரி ஆடும். ஒருத்தன் வாந்தி எடுத்தால் அந்த நாற்றத்தில் அடுத்தவனும் எடுப்பான். வாந்தியில் போவது சோறு மட்டுமில்லை, உடம்பில் இருக்கிற தண்ணீர். தெப்பத்தில் வைத்திருக்கிற குடிநீரே தலைக்கு ஒன்றரை லிட்டர்தான். லைஃப்போட்டில் என்றால் 3 லிட்டர்.

அந்த ஒன்றரை லிட்டரையும் முதல் 24 மணி நேரம் தொடக்கூடாது. அடிபட்டு ரத்தம் போனவர்களுக்கு மட்டும் விலக்கு. உடம்பில் ஏற்கெனவே ஈரம் இருக்கும்போது குடித்தால் அது சிறுநீராகப் போய்விடும். ஒரு நாள் காயவிட்டால் உடம்பு சிக்கனம் கற்றுக்கொள்ளும். அதற்கப்புறம் ஆளுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர்.

"நம்ம மேன்ஷன்ல இது தினசரி நடக்குதே!" என்றார் ஆடிட்.

கடல் தண்ணீரைக் குடித்தால் என்ன என்று பரீட்சைக்காரர் கேட்டார். அதிலிருக்கிற உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பு செலவழிக்க வேண்டியிருக்கும். கையில் இருக்கிற காசை மீட்டருக்கு மேல் போட்டு ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டு நடந்து வருகிற கதைதான். தாகம் அடங்காது, புத்தியும் பேதலிக்கும்.

வெடி விஷயத்திலும் இதே சிக்கனம். மேலே 300 மீட்டர் போய் பாராசூட்டில் தொங்கியபடி 40 வினாடி எரிகிற ராக்கெட்டுகள் நாலு, கையில் பிடித்து ஒரு நிமிஷம் காட்டுகிற மத்தாப்பு மாதிரி ஆறு, பகலில் ஆரஞ்சு நிறப் புகை விட ரெண்டு. தீபாவளி மாதிரி முதல் ராத்திரியே எல்லாவற்றையும் கொளுத்திவிட்டால், நாலாம் நாள் எதிரே ஒரு கப்பல் போகும்போது கைதட்டித்தான் கூப்பிடவேண்டும். கப்பலோ விமானமோ கண்ணிலோ காதிலோ பட்டால்தான் பற்ற வைப்பது. அதையும் காற்று போகிற பக்கமாக வெளியே நீட்டிப் பிடிக்கவேண்டும். தெப்பம் ரப்பர்!

இதெல்லாம் எதற்கு, இப்போது சாட்டிலைட் இருக்கிறதே என்றார் ரெப். உண்மைதான். கப்பல் முழுகினால் தானாக மிதந்து வந்து 406 மெகாஹெர்ட்ஸில் அபயக்குரல் கொடுக்கிற ஒரு கருவி எல்லாப் பெரிய கப்பலிலும் இருக்கிறது. நம் வட்டாரத்தின் குரல் சாட்டிலைட் வழியாக பெங்களூரில் இருக்கிற இஸ்ரோ நிலையத்துக்கு வரும். "அது கூப்புடுறதுக்குண்ணா. அவங்க வர்ற வரைக்கும் நாமதான் உயிரோட இருக்கணும்" என்றான் பையன்.

அன்றைக்கு கேப்டன் சொன்ன கதையையும் சொன்னான். பூன் லிம் என்று ஒரு சீனர். பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் பரிமாறுகிற வேலை. நம் பையனுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1942 நவம்பர் 23-ம் தேதி ஜெர்மன் நீர்மூழ்கி அடித்து அட்லாண்டிக்கில் கப்பல் போய்விட்டது. அவருக்கு மரத் தெப்பம் ஒன்று கிடைத்தது. நீச்சல் சுமார்தான், அதனால் கையைக் கயிற்றால் தெப்பத்தோடு கட்டிக்கொண்டார். இருந்த பிஸ்கட் தீர்ந்ததும் டார்ச் லைட்டிலிருந்து கம்பியை உருவித் தூண்டில் முள் செய்தார். கான்வாஸை விரித்து மழைத் தண்ணீர் பிடித்தார். 133 நாட்கள்! 1943 ஏப்ரலில் பிரேசில் மீனவர்கள் கண்டெடுத்தபோது, தன் காலாலேயே நடந்து கரையேறினாராம்.

அன்று ராத்திரி ஆடிட் நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் தன் டார்ச்சைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

* * *

கடைசிக்கு முந்தின நாள் பையன் சீக்கிரமே வந்துவிட்டான். மற்றவர்கள் வருமுன் கேட்டான்: "அண்ணா, பெசன்ட் நகர்ல கப்பல் தரை தட்டுச்சாமே, நீங்க பாத்திருப்பீங்களே?"

பார்த்தேனா? சென்னையில் பாதிப் பேர் பார்த்தார்கள். 2012 அக்டோபர் 31-ம் தேதி. நீலம் புயல் மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த நாள். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த 'பிரதிபா காவேரி' என்கிற எண்ணெய்க் கப்பலைக் காற்று நங்கூரத்தோடு இழுத்துக்கொண்டு வந்து, எலியட்ஸ் பீச் பக்கம் மணலில் சொருகிவிட்டது. அத்தனை பெரிய கப்பல், கரைக்கு அத்தனை கிட்டே! குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமை போனேன். சுண்டல் வாங்கினேன். கப்பல் பின்னால் தெரிகிற மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"அதுல 37 பேர் இருந்தாங்கண்ணா" என்றான் பையன். "22 பேர் லைஃப்போட்டை இறக்கி அதுல ஏறிட்டாங்க. அலையில போட் கவுந்துடுச்சு. கரையில இருந்த மீனவங்கதான் அந்தப் புயல்ல போயி நிறையப் பேரைக் காப்பாத்துனாங்க. ஆனா 6 பேர் போயிட்டாங்க."

அது எனக்கு அரைகுறையாகத் தெரியும். அடுத்து அவன் சொன்னதை நான் யோசித்ததே இல்லை.

"மிச்சம் 15 பேர் கப்பலைவிட்டு இறங்கல. ராத்திரி பூரா அதுலயே இருந்தாங்க. மறுநாள் கோஸ்ட் கார்டு ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு. கப்பல் முழுகவே இல்லண்ணா. பத்துப் பன்னெண்டு நாள்ல இழுத்து மறுபடி மிதக்க விட்டுட்டாங்க."

நவம்பர் 11-ம் தேதி அந்தக் கப்பல் மணலைவிட்டுக் கிளம்பிப் போனதை நானே டி.வி.யில் பார்த்திருக்கிறேன். அதை 'காட்சி முடிந்தது' என்றுதான் எடுத்துக்கொண்டேன். 22 பேர் எதற்குப் பயந்து இறங்கினார்களோ அது கடைசிவரை நடக்கவே இல்லை என்று தோன்றவில்லை.

இறங்கியவர்கள்மேல் தப்பு சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கப்பலில் சாப்பாடு, எரிபொருள் எல்லாம் தட்டுப்பாடு, சம்பளமும் பாக்கி என்று அப்போதே பத்திரிகைகளில் வந்தது. கப்பல் தரையில் முட்டி முட்டி ஆடுகிறது. காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. எதிரே, கண்ணுக்கெட்டிய தூரத்தில், சென்னை. வீடுகள் தெரிகின்றன. கரை தெரிகிறது. யாருக்குத்தான் கால் நிற்கும்? நானாக இருந்தால் முதல் ஆளாக ஏறியிருப்பேன்.

வகுப்பில் கேப்டனும் யாரையும் குறை சொல்லவில்லையாம். ஒன்றே ஒன்று சொன்னாராம்: "கப்பலைவிடப் பெரிய லைஃப்போட் கிடையாது. அது மிதக்கிற வரைக்கும் அதுலதான் இருக்கணும்."

இங்கிலாந்துப் பக்கம் நடந்த இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டி. பெரும்புயலில் சிக்கி 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். புயலுக்கு நடுவில் 24 படகுகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். புயல் ஓய்ந்த பிறகு பார்த்தால், அந்த 24-ல் முழுகிப்போனவை அஞ்சுதான். மற்றதெல்லாம் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. விட்டுவிட்டு இறங்கியவர்களில் சிலர் உயிரோடு இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப கொரியாவில அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க? உள்ளேயே இருங்கன்னு சொல்லித்தானே செத்தாங்க?"

2014 ஏப்ரல் 16-ல் கவிழ்ந்த செவோல் படகுக்கப்பல். 304 பேர் போனார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அறையிலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். சொல்லவேண்டிய கேப்டன் முந்திக்கொண்டு தப்பித்து வந்தார்.

பையன் இதையும் வகுப்பில் கேட்டிருக்கிறான்! (அவன் நைனாவின் பிள்ளை.) கப்பலில் இரு என்றால் ரூமுக்குள் இரு என்று அர்த்தமில்லையாம். ஏழு தடவைக்குக் குறையாமல் சின்னச் சின்ன மணி, பிறகு ஒரு நீள மணி; இது கேட்டவுடன் லைஃப் ஜாக்கெட்டையும் கனமான துணிமணியையும் எடுத்துக்கொண்டு, திறந்த தளத்தில் தனக்கென்று குறித்திருக்கிற இடத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே தயாராக, தலை எண்ணி, உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். உத்தரவு வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது. வராதவரை ஒரு அடி முந்தக்கூடாது.

"முந்தறதும் தப்பு, பிந்தறதும் தப்புன்னா எப்படிடா?"

"அதுக்குத்தாண்ணா ட்ரில். பயணிகள் கப்பல்ல வாராவாரம் உண்டு."

2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறிய பயணிகள் பலருக்கு எங்கே போய் நிற்பது என்றே யாரும் காட்டியிருக்கவில்லை. ஏறி ஒரு நாளுக்குள் காட்டினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. 2015-லிருந்து, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ காட்டிவிட வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். காட்டுவது யார் தெரியுமா? சமையல்காரர், படுக்கை விரிப்பவர், வெங்காயம் உரிக்கிறவர். மணி அடித்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தாத்தா பாட்டிகளைக் கையைப் பிடித்துப் படகு வரைக்கும் கூட்டிப் போகவேண்டியவர்கள் அவர்கள்தான்.

புரோக்கர் தருவதாகச் சொன்ன பேப்பரோடு அவன் போயிருந்தால் அந்தத் தாத்தா பாட்டிகளை எங்கே கூட்டிப் போயிருப்பான் என்று அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

(கப்பல் வேலை தேடுகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: ஆளெடுக்கிற கம்பெனிக்கு கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் லைசென்ஸ் உண்டா என்று அதன் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். லைசென்ஸ் உள்ளவர்கள் வேலை வாங்கித் தருவதற்கு உங்களிடம் பணம் வாங்கக்கூடாது என்பது விதி. வாங்குகிறவரைப் பார்த்தால் பெரிய கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.)

* * *

கடைசி நாள் நீச்சல் குளத்தில் பரீட்சை. கிணற்றுச் சூரர் கால் சேர்த்து, மூக்கைப் பொத்தி, பார்வை நேராக இறங்கினார். தெப்பத்தைப் புரட்டினார். பாஸ்.

ஊருக்குப் போய் இதையெல்லாம் நைனாவிடம் சொல்லியிருக்கிறான். தறியை நிறுத்தாமலே கேட்டாராம். முந்தாமல் பிந்தாமல் நிற்கவேண்டும் என்ற இடம் வந்ததும் மிதியை நிறுத்தினார். "இழை அறுந்தாலும் அதாண்டா. பதறி இழுத்தா பக்கத்து நாலு இழையும் போவும். பாக்காம நெய்துனே போனா சேலையே போவும்" என்றாராம். கேப்டனுக்குச் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொண்டதை வீட்டிலேயே கேட்டிருக்கலாம் போலிருக்கிறது. நீச்சல் குளம் மட்டும்தான் குறை.

பையன் போய்விட்டான். விமான நிலையத்தில் அவன் அம்மா அழுதாள். "தண்ணியப் பாத்து இருடா" என்றாள். கடலுக்குப் போகிறவனிடம் வேறென்ன சொல்வது?

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தூணில் காலண்டர், கூலிக் கணக்கு எழுதின அட்டை, பால் கணக்கு. அதற்கெல்லாம் மேலே, சாக்பீஸில், கொட்டை எழுத்தில் 'சி - 4' என்று எழுதியிருந்தது.

"இது இன்னா கணக்கு?" என்று அவன் அம்மாவைக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? கப்பல் ஏறின அன்னிக்கு ராத்திரி புள்ள போன் பண்ணி, சாப்டனான்னுகூடச் சொல்லல, இதத்தான் மொதல்ல சொன்னான். இவரு உடனே எயுந்து போயி எழுதிட்டாரு. அயிக்க விடமாட்றாரு."

நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார். "மணி அடிச்சா அவன் போய் நிக்கிற எடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி நாடாவைத் தட்டினார்.